இரண்டுக்கு மேலே

மூன்றாம் இரவு கரண்ட் போகவில்லை.
வேலந்தாவளத்தில், குறிப்பேட்டில் முதலில் அதைத்தான் எழுதினேன்.
கோழித்தீவனம் அடுக்கிய அறை; தவிட்டு வாசம் இன்னும் போகாது.
ஊதா லேசர் படிகத்தில் விழ
கண்ணுக்கெட்டாத சிவப்பில் துகள்கள்
இரண்டிரண்டாகக் கிளம்பின,
ஒன்று கிழக்குச் சுவருக்கு, மற்றது மேற்குக்கு.
நடுவே சுண்ணாம்புக் கோடு இழுத்து
இதான் பார்டர் என்று சிரித்தவன் உண்ணிதாசன்.

நள்ளிரவு தாண்டி எண் வந்தது: 2.61.
இரண்டைத் தாண்டக் கூடாத எண் அது,
பதில்கள் புறப்படும்போதே மடியில் இருந்திருந்தால்,
இந்தச் சுவரில் கேட்ட கேள்வி
அந்தச் சுவரின் காதில் விழாதிருந்தால்.

தாண்டிவிட்டது.

டீக்கடைக்குப் போனோம், சண்டை போட.
அளக்கும் முன் பதிலே கிடையாது,
கேள்வியே தப்பு என்றான் உண்ணிதாசன்.
துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு,
அலைதான் அதை ஓட்டிப்போகிறது என்றாள் ஹசீனா.
அப்படியென்றால் கிழக்கில் நான் திருப்பியது
மேற்கில் அதே கணம் தெரிந்தாக வேண்டுமே?
தெரியட்டும் என்றாள், வடையைப் பிய்த்தபடி.
எல்லாப் பதிலும் நடக்கிறது, உலகம்தான் கிளைக்கிறது
என்கிற பழனியாண்டி
ஏதோ ஓர் உலகில் டீக்குக் காசு கொடுத்துவிட்டானாம்.

எதிரே சாவடி. வரி வாங்குவது நின்றுபோய்
இப்போது பறவைக் காய்ச்சலுக்காக விழித்திருக்கிறது.
மேற்கிலிருந்து வந்த லாரியை மறித்து
என்ன லோடு என்றார்கள்.
காலிக் கூண்டு சாரே, ஒந்நுமில்லா.
தார்ப்பாயைத் தொடும் முன்பே
உள்ளே ஒரு வாத்து கத்தியது.

நாங்கள் நால்வரும் பேச்சை நிறுத்தினோம்.
அது இருந்தது. யாரும் பார்க்காதபோதும்
ஆலத்தூரிலிருந்தே இருந்திருக்கிறது.
எங்கள் துகளைப் பற்றி
அப்படி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமானால்
எதையாவது இறக்கிவைத்துவிட்டுத்தான் போக முடியும்:
தூரத்தை, அல்லது ஒற்றை உலகை,
அல்லது அந்த வாக்கியத்தையே.

எனக்குத் தரப்பு இல்லை. திருகாணி தெரியும்.
சுவருக்குச் சுவர் நாலு மீட்டர்.
விரலால் நான் கோணத்தைத் திருப்பி முடிப்பதற்குள்
ஒளி கோடி முறை போய்வந்து சேதி சொல்லியிருக்கும்.
அந்த ஓட்டையைப் பெரிய கூடங்களில்
எப்போதோ அடைத்துவிட்டார்கள்.
எங்களுடையதில் இன்னும் காற்று வரும்.

அறைக்குத் திரும்பினேன். அடுத்த கோணம், இருபத்திரண்டரை.
சொடுக்குகள் விழுந்துகொண்டிருந்தன.
திடீரென்று எண்கள் எகிறித் திரை நிரம்பியது.
திருப்பி அனுப்பிய லாரி வளையும்போது
ஜன்னலின் கறுப்புத்தாள் கிழிசல் வழியே
ஹெட்லைட்டை உள்ளே எறிந்துவிட்டுப் போனது.

அந்த நிமிடத்தை அடித்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
வாத்து என்று எழுதினேன்.