மே மாதம் வரை

ஜனவரியில் கயானியில் குழி வெட்ட முடியாது.
கடப்பாரையை ஓங்கிப் போட்டால்
இரும்பில் இரும்பு மோதுகிற ஓசைதான் எழும்.
அதனால் நப்பி
டாக்டர் சல்மேயின் பின்கட்டுக் கொட்டகையில்
நீலப் பிளாஸ்டிக் உறைக்குள் காத்திருக்கிறான்.
பின்னங்காலில் ஓர் அட்டை:
தேதி, என் பெயர், தொலைபேசி எண்.
யாரும் கூப்பிடப்போவதில்லை.

நாற்பது வருடம் பனிவாரி வண்டி ஓட்டினேன்.
கடைசி நான்கு குளிர்காலமும்
பக்கத்து இருக்கை அவனுடையது.
விடிகாலை மூன்று மணி, ஊர் தூங்கும்,
கண்ணாடி முழுக்க அவன் மூக்கின் ஈரம்.
வண்டியை ஒப்படைத்த அன்று
எல்லாவற்றையும் கழுவினேன்,
அந்த ஒரு கண்ணாடியைத் தவிர.
அடுத்து வந்தவன் துடைத்திருப்பான்.

சோட்கமோவில் கெர்ட்டு வளர்க்கிறாள் அதே வம்சத்தை.
நப்பியின் தங்கைக்குப் பேத்தி ஈன்ற ஐந்து.
ஒன்றுக்கு நெஞ்சில் அதே வெள்ளை.
"தெரிந்த ரத்தம்" என்றாள் ஐலா.
ஓலுவில் காப்பகம் நிரம்பி வழிகிறதே என்றேன்.
"நல்லவன் என்று பேர் வாங்க
நாய் வளர்க்காதே" என்றாள்.
இரண்டு நாள் பேசவில்லை நாங்கள்.
பேச்சைத் தொடங்கிவைக்க
குறுக்கே வந்து நிற்க
யாரும் இல்லை வீட்டில்.

போனோம்.
வெள்ளை நெஞ்சுக்குட்டி
ஐலாவின் பூட்ஸில் ஏறி நாடாவைக் கடித்தது.
அவள் கை தானாகப் போயிற்று
இடது காதின் பின்னால்,
முள் குத்தி ஆறிய முடிச்சைத் தேடி.
வழவழவென்றிருந்தது.
சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

கெர்ட்டு நல்லவள். காபி ஊற்றினாள்.
"வயது?" என்றாள். எழுபத்து நான்கு என்றேன்.
"இவை பதினைந்து வருடம் இருக்கும்,
சில பதினாறும்" என்று சொல்லி
ஒரு தாளை நகர்த்தினாள்.
உங்களுக்குப் பிறகு யார்?
மகன் துர்க்குவில். மருமகளுக்கு
நாய் முடி பட்டாலே மூச்சிரைப்பு.
பேனாவை மூடி அவளிடமே கொடுத்தோம்.
நாற்பது கிலோமீட்டர் கழித்து ஐலா சொன்னாள்:
"கணக்கு சரியாகத்தான் போட்டாள்."

காப்பகத்திலும் ஒரு படிவம்.
முந்தைய நாய் எப்படி இறந்தது?
மண்ணீரல். சனிக்கிழமை.
நாங்கள்தான் சரி என்று சொன்னோம்.
கடைசி வரியை அடித்துவிட்டு
திரும்பவும் எழுதினாள்.

ஒன்பது வயதாம். பெயர் ஹில்லா.
வளர்த்த கிழவர் முதியோர் இல்லம் போய்விட்டார்,
அங்கே நாய்க்கு அனுமதி இல்லை.
அது வாலை ஆட்டவில்லை.
எங்கள் முதுகுக்குப் பின்னால்
கதவையே பார்த்துக்கொண்டிருந்தது,
வேறு யாரோ நுழைவார் என்று.
குறை சொல்ல முடியுமா?
நாங்களும் அதைத் தாண்டித்தான்
யாரையோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

நப்பியின் கிண்ணத்தைத் தொடாது அது.
ஐலாவின் கேக் தட்டில் வைத்தால் தின்னும்.
காரில் முன் இருக்கைக்கு வராது.
இரவில் குறட்டை விடும்,
புகை பிடித்துப் பழகிய ஆம்பளைக் குறட்டை,
யாரிடம் கற்றதோ.
ஒருமுறை வாய் தவறி "நப்பி" என்று கூப்பிட்டேன்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
நானே ஏரிக்கரை வரை நடந்துபோய்
கூட்டிவந்தேன்.

மே இரண்டாம் வாரம் சல்மே அழைத்தார்.
பிர்ச் மரத்தடியில் மண்வெட்டியோடு நான்.
ஹில்லா எட்டப் போய்
குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்,
சாலையைப் பார்த்து.
அவளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்.

"இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டு"
என்றாள் ஐலா.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
மண் ஈரமாக இருந்தது.
கடப்பாரை தேவைப்படவில்லை.