நான்காவது வாய்

வெள்ளவத்தையில் டியூட்டரிக்கும் கடலுக்கும் நடுவே
தண்டவாளம்.
தாண்டினால் கருங்கல். கல்லில் நாங்கள்.
கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சப்பாத்துக்குள் சுருட்டி வைப்போம்,
பள்ளிக்கூடம் முழுக்க அதற்குள் அடங்கிவிட்டதுபோல.

ஒரு சிகரெட். நாலு பேர்.
சில்லறை எல்லாருடையதும்;
வாங்கப் போவது எப்போதும் ஜெரோம்,
அவனுக்குத்தான் மீசை.
கடைக்காரர் "அப்பாவுக்கா?" என்பார்.
"ஓம்" என்பான்.
அவனுடைய அப்பா கட்டாரில்.

முதல் இழுப்பு ஷாமிலுக்கு. பிறகு ஜெரோம், கிருஷாந்த்.
எனக்கு வரும்போது
பஞ்சு நனைந்திருக்கும்.
புகையென்று நான் இழுத்ததில் பாதி
மூன்று பேரின் எச்சில்.
அருவருப்பாய்த்தான் இருந்தது.
ஆனால் ஒன்பதாம் வகுப்பில் அதுவரை
ஒருவரும் எனக்கென்று எதையும் மிச்சம் வைத்ததில்லை.

விழுங்கமாட்டேன். கன்னத்தில் வைத்திருந்து
கடலைப் பார்த்து விடுவேன்.
ஒருநாள் ஷாமில் கண்டுவிட்டான்.
"என்ன மச்சான், வாய் கொப்புளிக்கிறியா?"
மற்ற இருவரும் சிரித்து முடிக்குமுன்
விழுங்கினேன்.
ஐந்து இருபது ரயில் எங்களை உரசிக்கொண்டு போனது.
மிதிபலகையில் தொங்கியவர்களுக்குள்
அப்பாவின் சட்டையைத் தேடினேன்.
கண்ணில் தண்ணீர்.
புகைதான் என்று யாரும் நம்புவார்கள்.

ஆனியில் அபிதன் வந்தான். எட்டாம் வகுப்பு.
கூட்டிவந்தது நான்.
ஒருமுறை கணக்குக் கொப்பி இரவல் கேட்டவன்,
அடுத்த கிழமையே பையை
என்னைப்போல ஒற்றைத் தோளில் போடத் தொடங்கியிருந்தான்.

இப்போது ஐந்து பேர். நான் கடைசி இல்லை.
என் வாய் நனைத்ததை அவனிடம் நீட்டி
"சும்மா இழு, ஒண்டும் ஆகாது" என்றேன்.
ஷாமில் எனக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே இழுவை.
ஷாமிலுக்கு அது அவனுடைய நானா கொடுத்தது.
நானாவுக்கு யாரோ.

அபிதன் இருமினான்.
முழங்காலைப் பிடித்துக் குனிந்து இருமினான்.
கல்லிடுக்கில் ஒரு நண்டு பதறி உள்ளே போனது.
எல்லாரிலும் பலமாகச் சிரித்தது நான்தான்;
அந்தக் கல்லில் நான் முதலாகச் சிரித்ததும் அன்றைக்குத்தான்.

நூறாம் நம்பர் பஸ்ஸில் என் பக்கத்திலேயே இருந்தான்.
இஞ்சி டொபியைப் பல்லால் இரண்டாக்கிப்
பெரிய துண்டை எனக்குத் தந்தான்.
பிறகு என் மூக்கருகே வாயைக் கொண்டுவந்து
ஊதினான்.
"மணக்குதா அண்ணா?"

மணத்தது. இஞ்சி,
இடைவேளைக்குத் தின்ற பாணும் சம்பலும்,
அதற்கும் அடியில்
நாங்கள் நாலு பேரும்.

"இல்லை" என்றேன்.
பம்பலப்பிட்டியில் இறங்கினான்.
பஸ் எடுத்த பிறகும்
உள்ளங்கையில் ஊதி ஊதி
மோந்து பார்த்துக்கொண்டு நின்றான்.