அக்குளில் இரும்பு

கடிவாள இரும்பை
முதலில் உன் அக்குளில் வை,
பிறகுதான் அதன் வாயில் என்றான் தொக்தோர்பாய்.
மைனஸ் முப்பதில்
நாக்கின் தோல் இரும்போடு போய்விடும்.
தன் நாக்கை நீட்டிக் காட்டினான்.
ஏழு வயதில் பட்டிக்கதவுத் தாழ்ப்பாளை நக்கிய வடு.

வழியைப் பற்றிச் சொன்னது இரண்டே வாக்கியம்.
ஆற்றை விடாதே. பாலத்தை நம்பாதே.
குதிரையைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள்
என் தேநீர் ஏடு கட்டிவிட்டது.

குளம்பின் குழிவில் ஆட்டுவால் கொழுப்பை
அப்பிக்கொண்டே பேசினான்:
இல்லாவிட்டால் பனி உருண்டு கட்டியாகும்,
நாலு பந்தின் மேல் நிற்கும் அது, மேலே நீ.
மேட்டில் விரட்டாதே.
வியர்த்தால் நிறுத்தாதே.
கடைசிக் கிலோமீட்டரை இறங்கி நட.
அதற்கும் நல்லது, உன் மரத்த காலுக்கும்.

மருந்துப் பையைச் சேணத்தில் கட்டினேன்.
ஊசி மருந்துகள் மட்டும் சட்டைக்குள், வயிற்றோடு.
இடது அக்குளில் இரும்பு.
பதினாறு வருடமாக
அந்த இடத்தில் பிறருக்குத்தான்
தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன்.
விரலளவு இரும்பு
என் விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியது.
கூலா பார்த்துக்கொண்டு நின்றது.
மங்கிய மஞ்சள் உடம்பு, முதுகில் கறுத்த கோடு,
அவசரம் தெரியாத கண்.

பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாள்.
தேர்தல் முடிவுகள் என் குதிகாலில் நொறுங்கின.
அங்கவடியில் கம்பளம் சுற்றியிருந்தான், புண்ணியவான்.
விரல்கள் என்னுடையவை இல்லை என்றானபோது
பிடரி மயிருக்கடியில் கையை நுழைத்தேன்.
உள்ளே ஒரு சமையலறை இருந்தது.

பாலத்தருகே அது நின்றுவிட்டது.
நான் வாதாடவில்லை.

பெய்ஷென் எதிரே ஓடிவந்தான்,
தொப்பியில்லாமல்,
பனிக்குடம் உடைந்துவிட்டது என்று கத்திக்கொண்டு.
கடைசிக் கிலோமீட்டரை
நான் நடக்கவில்லை.
குதிகாலால் இடித்தேன். அது பறந்தது.
வாசலில் இறங்கும்போது
கூலாவின் மேலிருந்து
கொதிக்கும் அண்டாவைத் திறந்ததுபோல் ஆவி.
தொக்தோர்பாயின் முகம் நினைவுக்கு வந்தது.
பையை அவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஊல்கன் படுக்கைக் கட்டையைப் பிடித்திருந்தாள்.
ஒரு வலி வந்து போனது.
மூச்சு திரும்பியதும்
அவள் கேட்ட முதல் கேள்வி:
வாரைத் தளர்த்தினாயா?

நான் விழித்தேன்.
அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:
சேணம் முதுகிலேயே இருக்கட்டும்,
இப்போது தண்ணீர் காட்டாதே,
இங்கே நின்று நீ என்ன பெறப் போகிறாய்,
போய் அதை நடத்து.

அவன் நடத்தினான்,
ஆட்டுப்பட்டியைச் சுற்றிச் சுற்றி.
ஜன்னலில் ஒரு லாந்தர், ஒரு தோள்,
ஒரு நீண்ட தலை கடந்து போகும்.
நான் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.
வலிக்கும் வலிக்கும் நடுவே மூன்று சுற்று.
பிறகு இரண்டு.
பிறகு தலை மட்டும் கடந்தது,
வால் கடப்பதற்குள் அடுத்த வலி.

பெண்.
அவள் மேலும் ஆவி பறந்தது.
துடைத்தேன், காதுக்குப் பின்னால்,
தொடை மடிப்பில், விரலிடுக்கில்,
ஈரத் துணியை எறிந்துவிட்டு
காய்ந்த துணியால் மறுபடியும்.
தாயின் நெஞ்சில் வைத்து மேலே போர்த்தினேன்.

கதவு திறந்தது.
தாடியில் பனிக்கட்டி தொங்க
பெய்ஷென் வாசற்படியிலேயே நின்றான்.
காது வெதுவெதுப்பாகிவிட்டது, முதுகும்
காய்ந்துவிட்டது என்றான்.
இங்கேயும் என்றேன்.
அவனுக்குப் புரிய
கொஞ்ச நேரம் பிடித்தது.

விடியும்போது கூலா
உலர்புல்லை மென்றுகொண்டிருந்தது, நிதானமாக,
தன் வயிற்றில் தானே விறகு தள்ளுவதுபோல்.
புறப்பட வேண்டும்.
கடிவாளத்தைத் தேடினேன்.
ஆணியில் இல்லை, சேணத்தில் இல்லை.

சுவரோரம் உட்கார்ந்தபடி
பெய்ஷென் தூங்கிக்கொண்டிருந்தான்,
கைகளை இறுக்கக் கட்டிக்கொண்டு.
அவன் சட்டைக்குள்ளிருந்து
ஒரு தோல்வார்
தரைவரை தொங்கியது.