பச்சைக்குள் முள்

ஆரையம்பதியில் தொடங்கி வாழைச்சேனை வரைக்கும்
நாலு ஆசிரியைகள், ஒரு பழைய ஓல்ரோ.
பெற்றோல் காசு நாலாய்ப் பிரியும்.
குளிரூட்டி என்று ஒரு பொத்தான் இருக்கிறது,
அதை நாங்கள் அழுத்துவதில்லை.

ஏறாவூர் தாண்டுகையில் ஒருநாள்
பொனற்றுக்குள்ளிருந்து ஒரு மணம்.
யாருடைய சாப்பாட்டுப் பெட்டி என்று
முதலில் சிரித்தோம்.
கராஜ் பொடியன் விரல்நீளக் குழாயைக் கழற்றி
வெடிப்பை நகத்தால் பிளந்து காட்டினான்.
"இன்னும் ஒரு கிழமை ஓடியிருந்தா, மிஸ்..."
மிச்சத்தை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை, திருமலை வீதி ஹாட்வெயார்.
கூறைச்சேலை எடுக்கப் போவதுபோல் நால்வரும் போனோம்.
முதலாளி முதலில் நீட்டியது
வாசனைத் தெளிப்பான் அளவில் ஒரு குப்பி.
நல்ல சிவப்பு. மானி இல்லை, முள் இல்லை.
"காருக்கு இது காணும்."
இரசாயனவியல் படிப்பிக்கும் ஜெனோவா
கண்ணாடியை உயர்த்தி அடியில் வாசித்தாள்:
உற்பத்தித் திகதி இருக்கவேண்டிய இடத்தில்
விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

அடுத்தது கறுப்புக் கொம்பு வைத்த காபனீரொட்சைட்டு.
"கம்பியூட்டருக்கு நல்லது. ஆனா
கச்சான் அடிக்கிற றோட்டில
வாயு நிண்டு வேலை செய்யுமா?"
முதலாளி அதை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

ஆக, உலர்தூள். நெஞ்சில் மூன்று எழுத்து.
ஏ என்றால் துணி, கடதாசி, சீற்றுப் பஞ்சு.
பீ, பெற்றோல். சீ, காஸ்.
"மற்ற நெருப்புகளுக்கு?" என்றாள் சிஹானா, பகிடியாக.
ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு கிலோவா, இரண்டா?
ஒரு கிலோ எட்டு விநாடி பீய்ச்சுமாம்.
எட்டு விநாடி எவ்வளவு என்று
நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
கடை அமைதியானது.
வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்து முடிப்பதற்குள்
முடிந்துவிட்டது.
இரண்டு கிலோ, என்றோம்.

தவமலர் மட்டும்
வந்த நேரம் முதல் ஒன்றும் சொல்லவில்லை.
பூட்டூசியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.
கடைசியில் கேட்டது ஒன்றுதான்:
"கதவு திறக்காட்டி?"
முதலாளி சிரிக்கத் தொடங்கி
அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.
உள்ளே போய் ஒரு சின்னச் சுத்தியல் கொண்டுவந்தான்:
ஒரு பக்கம் கண்ணாடி உடைக்கும் கூர்,
மறுபக்கம் பெல்ற் அறுக்கும் அலகு.
பில்லில் அதைப் போடவில்லை.

டிக்கிக்குள்தான் முதலில் வைத்தேன்.
"ஏன்கா, டிக்கியத் திறந்து எடுக்குமட்டும்
நெருப்பு பொறுத்திருக்குமாகா?"
சரியென்று சீற்றுக்குக் கீழே தள்ளினேன்.
செங்கலடிச் சந்தியில் ஒரு மாடு குறுக்கே வர
பிரேக் பாதியில் நின்றது;
மிதிக்குக் கீழே, சிவப்பாய், உருண்டு வந்து படுத்திருந்தது.
மாடு பெருமனசு பண்ணி விலகியது.

இப்போது முன்சீற்றின் காலடியில்
இரும்புப் பிடி வைத்து முறுக்கியிருக்கிறது.
காலை நீட்ட முடியாத அந்த இடத்தை
தவமலர் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
மாதத்தின் முதல் திங்கள்
அதைக் கழற்றித் தலைகீழாய்ப் பிடித்து
அடியில் உள்ளங்கையால் தட்டுவாள்.
தூள் இறுகிப் போய்விடுமாம்.
பெல்ற் போடுமுன் முள்ளைப் பார்ப்பாள்.

சந்திவெளி தாண்டி ஒரு வளைவு.
அங்கே வந்தால் அவள் இடக்கை
கேளாமலே கீழே போய்
அந்த உருளையின் கழுத்தில் இருக்கும்.
ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.
ஜெனோவா தவணைப் பரீட்சை பற்றித் தொடங்குவாள்,
சிஹானா மீன் விலை.
நான் மூன்றாம் கியரில் மெதுவாய் எடுப்பேன்.

முள் பச்சைக்குள்தான் நிற்கிறது.
திகதிப்படி இன்னும் நாலு வருடம் செல்லும்.
ஓல்ரோ அதுவரை ஓடுமோ தெரியாது.