391-வது மணி

கப்பலூர் சுங்கச்சாவடியில்
காசு கொடுத்துக் கடக்கின்றன கார்கள்.
அங்கிருந்து கூப்பிடு தூரம்,
தகரக் கூரையும் தடித்த கதவுமாய் ஓர் அறைக்குள்
சக்கரமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது எங்கள் இன்ஜின்.
முக்கால் லட்சம் கிலோமீட்டர் போகவேண்டும்
நாலு போல்ட்டை விட்டு நகராமல்.
சுங்கம் கிடையாது.

ஐந்நூறு மணி நேரம்.
நிமிடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுற்று.
ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன்
உச்சியில் ஒருமுறை நிற்கிறது, அடியில் ஒருமுறை நிற்கிறது,
திரும்புகிறது.
நின்றதைப் பார்த்தவர் கிடையாது, கணக்கில்தான் நிற்கும்.
பயிற்சிக்கு வந்த ஜாகீர் போனில் பெருக்கிப் பார்த்தான்:
"முப்பத்து மூணு கோடி தடவை நிக்குதுக்கா!"
முப்பத்து முக்கோடி.
வானத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொன்று.

ஓட்டுவது என் வேலையல்ல.
ஒன்றும் ஆகவில்லை என்று
மணிக்கொருதரம் எழுதுவது.
எண்ணெய்ச் சூடு நூற்றிமுப்பது.
அழுத்தம் நான்கு.
வளையங்களைத் தாண்டிக் கசியும் காற்று பதினெட்டு லிட்டர்.
குறிப்பு: இல்லை.
குறிப்பு: இல்லை.
தண்ணீர் லாரி தாமதம்; அது வேறு பதிவேடு.
குறிப்பு: இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
புகைக்குழாய் செக்கச்செவேலென்று கனிந்திருக்கும்.
விளக்கை அணைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் சாப்பிடலாம்.
சாப்பிட்டிருக்கிறேன், திருமங்கலத்து பரோட்டா.
இவ்வளவு சூட்டுக்குப் பக்கத்தில்
ஆறிப்போன சால்னா.

391. அதிகாலை மூன்று பத்து.
டக்.
ஒரே ஒரு டக்.
காதடைப்பானை மீறி, கண்ணாடியை மீறி,
அல்லது எதையும் மீறாமல் உள்ளங்கால் வழியாக.
திரையில் எல்லா எண்ணும் வைத்த இடத்தில் இருந்தன.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஒரு சத்தம்.

காலையில் குப்புராம் சார் கேட்டார்,
"எத்தனை டெசிபல்?"
தெரியாது சார்.
"எத்தனை தடவை?"
ஒரு தடவை.
"ராத்திரி மூணு மணிக்கு எனக்குந்தாம்மா
யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்கும்."
கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.
அடித்தேன்.
அடிப்பதற்கும் விதி உண்டு எங்களிடம்:
ஒரே கோடு,
அடியில் இருப்பது படிக்கும்படி,
பக்கத்தில் கையெழுத்து.
ம. ஒச்சம்மாள்.

மிச்சம் நூற்றொன்பது மணிக்கும் குறிப்பு இல்லை.

ஐந்நூறில் நிறுத்தினோம்.
காதுக்குள் திடுமென்று ஒரு பள்ளம்.
அதில் வந்து விழுந்தன
சாவடி லாரியின் ஹாரன், கூரைமேல் அணில்,
ஜாகீரின் வயிறு.

பிரித்தோம், கழுவினோம், மேசையில் வைத்தோம்.
நான்கு பிஸ்டன். உள்ளங்கையில் அடங்கும்,
கால் கிலோவுக்குச் சற்று மேலே.
சிவப்புச் சாயம் பூசித் துடைத்து
வெள்ளைப் பொடி அடித்துக் காத்திருக்கவேண்டும்;
விரிசலுக்குள் ஒளிந்த சாயம் தானே வெளியே வரும்.
ஒன்று வெள்ளை. இரண்டு வெள்ளை. நான்கும் வெள்ளை.
மூன்றாவதில், பின் நுழையும் துளைக்கு மேலே,
அவசரமில்லாமல் ஊறியது ஒரு சிவப்பு.
நக நீளம்கூட இல்லை.

உடையவில்லை.
விரிந்ததோடு ஓடியிருக்கிறது.
எப்போதிருந்து என்று எந்த எண்ணும் சொல்லவில்லை.
குப்புராம் சார் பதிவேட்டைப் பின்னாலிருந்து புரட்டினார்.
குறிப்பு இல்லை, குறிப்பு இல்லை, குறிப்பு இல்லை.
என் கோட்டில் வந்து நின்றது அவர் விரல்.
கோட்டுக்கு அடியில் நன்றாகவே படித்தது.

ஏதாவது சொல்வார் என்றிருந்தேன்.
"எப்படி இருந்துச்சு அந்தச் சத்தம்?"

வாயால் செய்து பார்த்தேன், வரவில்லை.
ஸ்பேனரால் மேசையைத் தட்டினேன், அதுவும் இல்லை.
சுட்டுவிரலைப் பிடித்து
நெட்டி முறித்தேன்.

நாலு பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள்,
ஓடுகிற இன்ஜினைக் கேட்பதுபோல.
"இன்னொரு தடவை" என்றார்.

முறித்த விரல் உடனே முறியாது.
அடுத்த விரலைப் பிடித்தேன்.