எப்பா

முகாம் எழும்பிப்போன கிழமை
சமையல்காரப் பெடியன் ஒருத்தன்
எங்கள் படலையில் வந்து நின்றான்.
ஒரு கையில் கயிறு, மறு கையில் அரைச்சாக்கு அரிசி.
"நல்ல நாய் அக்கா. கடிக்காது" என்றான்,
அந்த நாலு சொல்லையும் வழிநெடுகப்
பாடமாக்கிக்கொண்டு வந்தவன்போல.
லொறி ஹோர்ன் அடித்தது.
கயிறு என் கைக்கு வந்தபிறகு
அவன் திரும்பிப் பார்க்கவில்லை.
நாய் பார்த்தது,
முத்தையன்கட்டு வாய்க்கால் திருப்பத்தில்
தூசி அடங்குமட்டும்.

கடிக்காது என்றது பொய்யில்லை.
ஆட்களைக் கடிக்கவில்லை.
செருப்பு ஏழு, எல்லாம் இடக்கால்.
நீர்ப்பம்பின் குழாய். யோகமலரின் மகளுடைய
பள்ளிக்கூடச் சப்பாத்து.
பிறகு ஒரு விடியப்புறம்
என் மனுசன் கழற்றி வைத்த காலின் தோல்பட்டி.

கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று
குலேந்திரன் போட்ட சத்தம் வாய்க்காலுக்கு அப்பாலும் கேட்டது.
அது விளையாட்டென்று நினைத்து
முன்னங்கால் இரண்டையும் நிலத்தில் பரப்பி
வாலை ஆட்டியது.
"உதைக் கொண்டுபோய் மாங்குளத்தில விட்டிட்டு வா!"

பெயர் டிங்கிரி.
அவர் வாயில் அந்தப் பெயர் வராது.
உது. இன்றுவரை உது.

வேட்டியைக் கண்டால் குரைக்கும்.
ஐயரை இரண்டுதரம் மதகில் ஏற்றியது.
காக்கியைக் கண்டால் மட்டும்
பிறந்தவீட்டு ஆள் வந்ததுபோல ஓடும்.
தபாற்காரர், மின்சாரசபைப் பெடியள், வழிதவறி வந்த ஒரு பொலிஸ்காரன்,
எல்லார் முழங்காலிலும் சேற்றுப் பாதம்.
"உங்கட நாய்க்கு எங்களைப் பிடிக்கேல்லப் போல"
என்றாள் யோகமலர் வேலிக்கு மேலால்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

வா என்றால் வராது. இரு என்றால் இராது.
கார்மென்ட்ஸில் எனக்குப் பக்கத்து மெஷின் சந்தமாலி.
காற்சட்டைப் பை தைத்தபடியே அவளிடம் கேட்டு
துண்டுத்துணியில் சோக்கால் எழுதிக்கொண்டு வந்தேன்.
மெஹெ என்ன, இங்கே வா.
வாடிவென்ன, இரு.
எப்பா என்றால் வேண்டாம், செய்யாதே.

முற்றத்தில் நின்று "மெஹெ என்ன" என்றேன்.
எந்தச் சோதனைச்சாவடியிலோ கேட்ட குரல்
என் தொண்டையிலிருந்து வந்தது.
நாயும் வந்தது.
ஓடிவந்து என் வயிற்றில் தலையை முட்டியது.
உள்ளே குலேந்திரன்
ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

கேட்காமல் விட்ட சொல் ஒன்றும் இருந்தது.
கொஞ்சும்போது கண்ணா என்பேன்.
உடனே எழும்பிப் போய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்.
கன்ன என்றால் சாப்பிடு,
சந்தமாலி ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.
நான் செல்லம் பொழியப் பொழிய
அது கொழுத்தது.

மாதத்தில் ஒரு திங்கள் மச்சாள் வருவாள்.
எங்கள் போனில்தான் அந்தக் கந்தோருக்குக் கதைப்பாள்.
மகனின் கோப்பு இலக்கத்தை இரண்டுதரம் சொல்லி
"எப்ப? எப்ப எண்டாவது சொல்லுங்கோவன்."
ஒவ்வொரு எப்பவுக்கும்
நாய் வாயிலிருந்த செருப்பைக் கீழே வைத்துவிட்டு
காதை மடக்கும்.
அது ஏனென்று மச்சாளுக்கு
நாங்கள் சொல்லவில்லை.

இப்போது இருப்பது மூன்றாவது பட்டி.
இரவில் கால் சுவரோடு சாய்ந்து நிற்கும்.
அதன் ரப்பர்ப் பாதத்தில் தாடையை வைத்து
உது நித்திரை கொள்ளும்.
மற்றக் காலுக்குக் கிட்டப் போகாது.
"அதால உதைக்க ஏலாது எண்டு தெரியும் கள்ளனுக்கு"
என்றார் குலேந்திரன், பாயில் திரும்பிப் படுத்தபடி.

லைற்றை நூர்த்தேன்.
கொஞ்ச நேரத்தால், இருட்டுக்குள்
தோலை மெல்லும் சத்தம்.

"எப்பா."

நான் சொல்லவில்லை.