அறுநூற்றுப் பன்னிரண்டாம் சொல்

சுபாமே நகரில் கரண்டி செய்கிறோம்.
ஏற்றுமதிப் பிரிவில் ஐந்து பேர்.
ஆங்கிலத்தில் கடிதம் வந்தால்
நான்கு பேர் என்னைப் பார்ப்பார்கள்,
நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

ஐம்பத்து மூன்று வயதில்
முதல் நிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன்,
ஆறு ஐம்பத்திரண்டு ரயிலில்,
ஒரு கையுறையை மட்டும் கழற்றி.
புத்தகத்தில் சொல் கறுப்பு, பொருள் சிவப்பு.
சிவப்புப் பிளாஸ்டிக் தகட்டை மேலே வைத்தால்
பொருள் காணாமல் போகும்.
சொல் தனியே நின்றுகொண்டு
தெரியுமா என்று கேட்கும்.
பெரும்பாலும் தெரியாது.

அக்யூமுலேட் தெரியும்.
கொதிக்கும் சாற்றின் மேல் திரளும் அழுக்கு நுரையை
நாங்கள் அகு என்போம்;
சேரச் சேர வழித்தெடுத்து மனப்பாடம் செய்தேன்.
ரெட்டிசென்டுக்கு என் அண்ணன் முகம்.
மிட்டிகேட்டுக்கு எதுவும் சிக்கவில்லை,
யோஷிதா நிலையம் வரை முணுமுணுத்தேன்,
எதிர் இருக்கைப் பள்ளி மாணவன்
அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான்.

தெரியாத சொல்லால் தொல்லை இல்லை.
தெரிந்த சொல்தான்.
நான் குடியிருப்பது மேன்ஷனில்:
இரண்டு அறை, முள்ளங்கி ஊறுகாய் வாளிக்கு ஒரு பால்கனி.
அவர்கள் ஊரில் அது மாளிகையாம்.
எங்களுக்கு கிளெய்ம் என்றால் புகார்.
'சந்தையில் இதுவே சிறந்த கரண்டி
என்று நாங்கள் கிளெய்ம் செய்கிறோம்'
என எழுதியவரிடம்
பிரிவே திரண்டு மன்னிப்புக் கேட்டது.

ஜனவரி. பனிக்காற்றில் ரயில் நடுவழியில் நின்ற காலை.
அறுநூற்றுப் பன்னிரண்டு: நயீவ்.
இதுவா, இது குழந்தைக்கும் தெரியுமே,
மென்மையான மனசு,
சுடுசொல் பட்டால் நைந்துபோகிற மனசு.
தகட்டை நகர்த்தினேன்.
உலகம் அறியாத. எளிதில் ஏமாறுகிற.

ரயில் நின்றபடியே இருந்தது.

இரண்டு குளிர்காலம் முன்பு,
லீத் துறைமுகத்திலிருந்து எங்கள் கரண்டிகளை வாங்கிவந்த
ஃபெர்கஸ் அபர்நெதி இறந்துபோனார்.
அவர் மனைவிக்கு இரங்கல் எழுதியது நான்.
'உங்கள் கணவரைப் போல நயீவான மனிதரை
இந்தத் தொழிலில் நாங்கள் கண்டதே இல்லை.'

அலுவலகப் பிரதியைக் கோப்பிலிருந்து உருவினேன்.
கையில் தகடு இருந்தது, வைத்துப் பார்த்தேன்.
கீழே சிவப்பு மையில் நான் குத்திய
வாகுயி என்ற முத்திரை மறைந்தது.
சொல் மறையவில்லை.

மன்னிப்புக் கடிதத்துக்கு ஒன்பது நாள்.
படித்த பெரிய சொற்களையெல்லாம் அடுக்கினேன்,
பிறகு ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
மிஞ்சியது நான்கு வரி,
பள்ளிக்கூடத்து ஆங்கிலம்.

எல்ஸ்பெத் அபர்நெதியின் பதில் நீல மையில் வந்தது.
'அவர் அப்படித்தான்.
கண்ணால் பார்க்காத படகுக்கு
ஒரே ஆளிடம் இரண்டு முறை முன்பணம் கொடுத்தவர்.
தேவாலயத்தில் எல்லோரும்
கெட்டிக்கார வியாபாரி என்றார்கள்.
யாரைப் புதைக்கிறோம் என்று எனக்கே குழப்பம்.
உங்கள் கடிதத்தில்தான் அவர் இருந்தார்.
அந்த மாதம் நான் சிரித்தது அன்று ஒருமுறை.
தயவுசெய்து திருத்தாதீர்கள்.'

நான் சொல்லவந்ததும் பொய்யில்லை, அம்மையாரே.
ஒரேயொரு முறை இங்கே வந்தார்.
விலையைக் குறைக்கச் சொல்லிவிட்டு
காதுவரை சிவந்து,
எங்கள் மேலாளர் வாய் திறப்பதற்குள்
பழைய விலைக்கே கையெழுத்துப் போட்டார்.
அந்தக் காதை எந்தப் பொருளின் கீழ் எழுதுவது?

மாலை ரயிலில்
அவள் கடிதத்தின் மேல் தகட்டை வைத்தேன்.
நீலம் கறுத்து
முன்னைவிட அழுத்தமாய்த் தெரிந்தது.

அறுநூற்றுப் பதின்மூன்று: நெபுலஸ்.
தெரியாது.